பாறைக்குள் ஒரு வழி, ஆயிரம் வழி

திருநெல்வேலிச் சீமையில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரை யாரும் லிட்டரில் சொல்வதில்லை. இஞ்சில்தான் கணக்கு. "ரெண்டு இஞ்ச் தண்ணி கெடக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் கொடுத்து வைத்தவர். "அரை இஞ்ச்" என்றால் கேட்கிறவரே பேச்சை மாற்றிவிடுவார். குழாயின் வாய் நிறைய வருகிறதா, பாதி வருகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு இது. பூமிக்கு அடியில் எங்கோ ஒரு விரிசல் எவ்வளவு அகலமாக வாய் திறந்திருக்கிறது என்பதைத்தான் அந்த இஞ்ச் நமக்குச் சொல்கிறது.

ஆலங்குளம் பக்கம் சித்தப்பாவின் தோட்டத்தில் 420 அடி போர் ஒன்று உண்டு. போட்ட புதிதில் ஒன்றரை இஞ்ச் கொடுத்தது. பத்து வருஷத்தில், மோட்டார் போட்டுக் கால்மணி நேரம் ஆனாலே காற்றை இழுக்கிற நிலைக்கு வந்துவிட்டது. புது போர் போட மனமில்லாமல் "பிரஷர் அடிக்கிற" ஆட்களைக் கூப்பிட்டார். லாரியில் ஒரு பெரிய பம்பும் கனமான இரும்புக் குழாய்களும் வந்தன. குழாயின் நுனியில் கெட்டியான ரப்பர் உருளை. அதை உள்ளே இறக்கி உப்ப வைத்தால் போரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். அப்புறம் அந்த அடைப்புக்குக் கீழே தண்ணீரை அழுத்தி ஏற்றுவார்கள்.

எல்லோரும் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்பது, அறுபது, எண்பது கிலோ. குழாய் லேசாக அதிர்ந்தது. தொண்ணூறைத் தொடும்போது முள் திடீரென்று சரிந்து ஐம்பதில் வந்து நின்றது. லாரிக்காரர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு. "முள்ளு விழுந்துட்டு அண்ணாச்சி. உள்ள வழி தொறந்துட்டு." அன்று இன்னொரு காரியமும் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிக் கடினப் பாறையில் வற்றிய போர்களுக்குப் பிரஷர் அடிப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. குடிநீர் வடிகால் வாரியமே பல ஆண்டுகளாகக் கைப்பம்புப் போர்களுக்கு இதைச் செய்துவருகிறது. காவிரிப் படுகையில் பெரும் பயத்தைக் கிளப்பிய நீரியல் விரிசல் முறைக்கு, அதாவது ஃபிராக்கிங்குக்கு, இது ஒன்றுவிட்ட தம்பி. நெடுவாசலில் 2017இல் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியதையும், 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கச் சட்டம் வந்ததையும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவும் எண்ணெயும் எடுக்கும் தொழிலில் தம்பியைவிட அண்ணன் எத்தனையோ மடங்கு பெரியவன். ஆனால் முள் விழுகிற அந்தக் கணத்தின் இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம் காலடியில் இருக்கும் பாறையை முதலில் பார்க்க வேண்டும். மேலே மண், அதற்குக் கீழே உளுத்த பாறை, அதற்கும் கீழே சார்னோகைட், நைஸ் என்று கருங்கல் வகைகள். (சார்னோகைட்டுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு கல்லறைக் கல்லால். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதைப் பார்த்து இப்படிப் பெயர் வைத்தார்.) இந்தக் கருங்கல்லின் உடம்புக்குள் தண்ணீர் போக இடமே கிடையாது. அம்மிக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் வழிந்துதானே ஓடுகிறது! போரில் வருகிற தண்ணீர் முழுக்க அந்தக் கல்லில் விழுந்திருக்கும் வெடிப்புகள் வழியாக வருவது. போர் போடுகிறவர்கள் "ஊத்து" என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான்.

மணல் வேறு கதை. உவரி, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஒவ்வொரு மணிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. தண்ணீர் எல்லாத் திசையிலும் மெல்லக் கசியும். இந்தக் கசிவுக்கு 1856இல் கணக்கு எழுதியவர் ஆன்றி தார்சி. பிரான்சின் தீஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் அவர். மணல் நிரப்பிய உருளைகள் வழியாகத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். இரு முனைகளுக்கும் நடுவே நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு, மணலின் நீளம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதி. நிலத்தடி நீரியலின் அடித்தளம் இன்றும் இதுதான்.

வெடிப்புக்குள் ஓடும் தண்ணீரும் மட்ட வித்தியாசத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் அங்கே அகலம் ஒரு பேயாட்டம் ஆடுகிறது. வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் தண்ணீர் எட்டு மடங்காகும். அகலம் பத்து மடங்கானால் ஓட்டம் ஆயிரம் மடங்கு. அகலத்தின் கன அளவில் ஓட்டம் கூடுவதால் இதற்குக் கன விதி என்று பெயர். இயற்கையின் வெடிப்புகள் கண்ணாடித் தகடுபோல் வழவழப்பாக இல்லாததால் கணக்கு அச்சாக வராது, போக்கு மாறாது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு இஞ்ச் வர, இருபது அடி தள்ளி நம் தோட்டத்தில் வெறும் கல் பொடி பறப்பதற்குக் காரணம் விதி என்று சொல்பவர்கள் அறியாமலே சரியாகச் சொல்கிறார்கள். கன விதி!

பிரஷர் அடிப்பதன் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. வண்டலும் களிமண்ணும் அடைத்துக் கிடக்கும் வெடிப்பைக் கொஞ்சம் சுத்தம் செய்து, 0.2 மில்லிமீட்டரை 0.3 ஆக்கினாலே ஓட்டம் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஆனால் ஏற்கெனவே ஏதோ ஒரு வெடிப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். முழுக் கல்லுக்குள் இறக்கிய போருக்கு எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும், புதிதாக விழுகிற வெடிப்பு தண்ணீர் உள்ள இடத்தைப் போய்த் தொட்டால்தான் பலன். கையில் காசு இருக்கிறதே என்று காய்ந்த போருக்குப் பிரஷர் அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு.

கன விதியை அதன் எல்லை வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. திசையன்விளை அருகே ஆயன்குளத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 2021இல் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வாரக்கணக்கில் அதற்குள் ஓடியும் நிரம்பவே இல்லை. 'அதிசயக் கிணறு' என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. சென்னை ஐஐடியிலிருந்து ஒரு குழு வந்து ஆராய்ந்தது. கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அதை லேசான அமிலமாக்க, அது காலங்காலமாகப் பாறையைக் கரைத்துக் குகைகளையும் குழாய்களையும் உண்டாக்கி வைத்திருக்கிறது. அங்கே வெடிப்பை மில்லிமீட்டரில் அளக்கும் பேச்சே இல்லை. வெள்ளத்தை விழுங்க அது அருமையான வாய். அதே சமயம் வடிகட்டி கிடையாது. மணல் வழியாகப் போகிற தண்ணீர் வழியில் கொஞ்சம் சுத்தமாகும், குகை வழியாகப் போவது உள்ளே போன அழுக்கோடு அப்படியே அடுத்த ஊர்க் கிணற்றில் எழும்பும்.

எரிவாயுக்காரர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். களிப்பாறை எனப்படும் ஷேலுக்குள் வாயு இருக்கும், வெளியே வர வழி இருக்காது. 1947இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹியூகோட்டன் வயலில் நடந்த முதல் சோதனையில் உள்ளே அடித்தது தண்ணீர்கூட இல்லை, கூழாகக் கெட்டிப்படுத்திய பெட்ரோல். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொழிலாகவே தொடங்கிவிட்டது. இப்போது கிணற்றைக் கீழே கொண்டுபோய்ப் படுக்கையாகத் திருப்பி, கிலோமீட்டர் கணக்கில் ஓட்டி, பகுதி பகுதியாக அடைத்து அழுத்துகிறார்கள். நம் ஊர்க் கிணறுகளில் பக்கவாட்டில் துளைக்கிற 'சைடு போர்' ஞாபகம் வருகிறதா? ஏறக்குறைய அதே புத்திதான், ஆழமும் செலவும் வேறு. ஒரு கிணற்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் போகிறது. அழுத்தம் எடுத்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளாமல் இருக்க மணலைக் கலந்து அனுப்புகிறார்கள். மணல் மணிகள் முட்டுக் கொடுத்து நிற்கும். அனுப்பிய தண்ணீரில் ஒரு பங்குதான் திரும்பி வரும். திரும்பி வருவதும் ஆழத்து உப்பையும் இன்னும் பலதையும் சுமந்துகொண்டு வரும். டெல்டா மக்கள் பயந்ததற்கு இந்த ஒரு வரியே போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

இனிச் சூட்டுக்கு வருவோம். எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் அதே தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். தண்ணீர் மாறவில்லை, மேலே நிற்கிற நம் உடம்புதான் மாறுகிறது. சில பத்து அடிக்குக் கீழே பூமியின் வெப்பநிலை வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், ஏனென்றால் பாறை சூட்டை அவ்வளவு மெதுவாகக் கடத்துகிறது. கருங்கல்லில் ஒரு நாளில் சூடு சுமார் ஓர் அடிதான் நகரும். ஆறு மாதத்தில் பதின்மூன்று அடி. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் காலம் நான்கு மடங்கு தேவை. இந்தச் சோம்பல்தான் நிலத்தடியில் வெப்பத்தைச் சேமிக்கலாம் என்ற யோசனைக்கு முதல்.

எவ்வளவு சேமிக்கலாம்? ஒரு கன மீட்டர் கருங்கல்லை 40 டிகிரி சூடேற்றினால் சுமார் 25 யூனிட் வெப்பம் உள்ளே நிற்கும். ஒரு பெரிய வீட்டின் அடியில் இருக்கும் பாறையைக் கன மீட்டரில் எண்ணிப் பாருங்கள்.

கனடாவின் ஒக்கடோக்ஸ் ஊரில் டிரேக் லேண்டிங் என்ற குடியிருப்பில் இதைச் செய்து காட்டினார்கள். 52 வீடுகள். கார்ஷெட் கூரைகளில் சூரியத் தகடுகள் கோடையில் பிடித்த சூட்டை, பூமிக்குள் 35 மீட்டருக்குச் சற்று அதிகமாக இறக்கிய 144 துளைகளில் குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பாறைக்கும் மண்ணுக்கும் கொடுத்துவிட்டு, பனிக்காலத்தில் திரும்ப எடுத்தார்கள். 2007இல் தொடங்கியது. முதல் சில வருஷம் பூமியே சூடாக வேண்டியிருந்ததால் பலன் குறைவு. ஐந்தாம் ஆண்டில் வீடுகளைச் சூடாக்கத் தேவையானதில் 90 சதவீதத்துக்கும் மேல் சூரியனிடமிருந்தே வந்தது. பெரிய அண்டாவில் வெந்நீர் நெடுநேரம் ஆறாது, டம்ளரில் உடனே ஆறிவிடும் என்பதுதான் இங்கும் விதி. சின்ன அளவில் செய்தால் சூடு ஓரத்தில் கசிந்தே தீர்ந்துவிடும்.

அங்கே தண்ணீர் மூடிய குழாய்க்குள் ஓடியது. நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் நிலத்தடி நீரையே நேரடியாக இறைத்து, சூடாகவோ குளிராகவோ ஆக்கி, மணல் அடுக்குக்குள் திரும்ப விட்டு வைக்கின்றன. மணலில் இது நன்றாகவே நடக்கும். தண்ணீர் போகும் வழியில் ஒவ்வொரு மணல்மணியும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சூட்டின் முன்னணி தண்ணீரின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நகரும். தண்ணீர் முன்னே ஓடும், சூடு பின்னால் நடந்து வரும்.

சரி, இதையே நம் கருங்கல்லில் செய்தால்? போரில் அழுத்தம் கொடுத்து வெடிப்புகளைத் திறந்து, சூடான தண்ணீரை ஒரு போரில் விட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்தால்?

இங்கேதான் கன விதி எதிர்க்கட்சியில் போய் உட்காருகிறது. தண்ணீர் தேடுகிறவனுக்கு ஒரே ஒரு அகலமான வெடிப்பு வரம். சூட்டைச் சேமிக்க நினைக்கிறவனுக்கு அதுவே சாபம். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெடிப்பு கொண்டுபோகும் தண்ணீரை 0.1 மில்லிமீட்டர் அகலத்தில் ஆயிரம் வெடிப்புகள் சேர்ந்து கொண்டுபோகும். ஓட்டம் ஒன்றுதான். ஆனால் ஆயிரம் வெடிப்பில் தண்ணீர் தொடும் பாறைப் பரப்பு ஆயிரம் மடங்கு. சூடு கைமாறுவது அந்தப் பரப்பில்தானே! ஒரே அகல வழியில் தண்ணீர் பாறையைச் சரியாகத் தொடாமலே மறுபுறம் போய்ச் சேர்ந்துவிடும். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் நேராக நாகர்கோவில் போகிற பஸ்மாதிரி. ஆயன்குளம் கிணற்றில் வெந்நீரை ஊற்றினால் அதை மறுபடி யாரும் பார்க்க முடியாது.

வெடிப்புகளின் இடைவெளியும் கணக்குக்கு வரும். பகலில் சேர்த்து இரவில் எடுப்பதென்றால், ஒரு நாளில் சூடு ஓர் அடிதான் நுழையும் என்பதால் இரண்டு அடிக்கு ஒரு வெடிப்பு வேண்டும். ஆறு மாதச் சேமிப்புக்கு இருபத்தைந்து அடிக்கு ஒன்று இருந்தாலே போதும். இதைவிட நெருக்கமாக இருந்தால் நஷ்டமில்லை. விலகி இருந்தால் நடுவில் உள்ள பாறை சும்மா கிடக்கும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு மீட்டர் கருங்கல்லை 50 டிகிரி சூடேற்றினால் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் விரியும். வெடிப்பின் அகலமே 0.1, 0.2 என்று இருக்கும்போது இது சின்ன எண் இல்லை. சூடான தண்ணீரை அனுப்பினால் பாறை விரிந்து வெடிப்பை நெருக்கும். குளிர்ந்த தண்ணீரை அனுப்பினால் பாறை சுருங்கி வெடிப்பு அகலமாகும். அகலமானால் இன்னும் அதிகத் தண்ணீர் அந்த வழியே ஓடும், இன்னும் குளிரும், இன்னும் அகலமாகும். பூமியின் இயற்கையான சூட்டை எடுக்கத் தண்ணீரை அனுப்புகிறவர்கள் படாத பாடு படுவது இதனால்தான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் 1970களில் முதன்முதலாகச் சூடான வறண்ட பாறையை உடைத்துத் தண்ணீர் ஓட்டிய நாளிலிருந்து இந்தப் போராட்டம் நடக்கிறது. 2023இல் ஃபெர்வோ என்ற நிறுவனம் நெவாடாவில் எரிவாயுக்காரர்களின் படுக்கைக் கிணற்று வித்தையை அப்படியே இறக்கி, இரண்டு கிணறுகளுக்கு நடுவே வரிசையாகப் பல வெடிப்புகளைத் திறந்து, முப்பது நாள் சோதனையில் நொடிக்கு 63 லிட்டர் வரை ஓட்டிக் காட்டியது. ஒரு வழியை நம்பாமல் பல வழிகளுக்குத் தண்ணீரைப் பங்கு போட்டதுதான் அதில் கெட்டிக்காரத்தனம்.

கடைசியாகக் கடினத் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் காறை படிவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புச் சத்து சூட்டில் கரையாமல் படிந்துவிடும். நம் பக்கத்துப் போர் தண்ணீரைச் சூடாக்கி மெல்லிய வெடிப்புக்குள் அனுப்பினால் அண்டாவுக்கு நடப்பதே வெடிப்புக்கும் நடக்கும்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. தென்கொரியாவின் போஹாங் நகரில் 2017 நவம்பரில் 5.4 அளவில் நிலம் நடுங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அருகிலிருந்த புவிவெப்பத் திட்டத்துக்காக ஆழத்தில் அழுத்திய தண்ணீரே ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு பிளவை நழுவவிட்டது என்று அரசு அமைத்த குழு 2019இல் சொன்னது. ஜெர்மனியின் ஸ்டவுஃபனில் நடந்தது வேறுவிதம். 2007இல் நகரமன்றக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீட்டர் ஆழத்துக்குத் துளைகள் போட்டார்கள். அந்தத் துளைகள் வழியாகக் கீழ் நீர் மேலே இருந்த அன்ஹைட்ரைட் அடுக்குக்குள் நுழைந்தது. தண்ணீர் குடித்த அன்ஹைட்ரைட் ஜிப்சமாக மாறி உப்பியது. பழைய ஊரே மெல்ல மேலே எழும்பி, இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. அழுத்தம்கூடக் கொடுக்கவில்லை, இரண்டு அடுக்குகளை ஒரு துளை இணைத்தது, அவ்வளவுதான். சித்தப்பாவின் போரில் கொடுத்ததுபோல் ஆழம் குறைந்த இடத்தில் சில ஆயிரம் லிட்டர் தண்ணீரால் போஹாங் நடக்காது. ஆனால் உப்புத் தண்ணீர் அடுக்கையும் நல்ல தண்ணீர் அடுக்கையும் ஒரு போர் இணைத்துவிடும் சின்ன ஸ்டவுஃபன்கள் நம் கடலோரத்தில் நடக்கக்கூடியவை.

அப்படியானால் இந்த வெப்பச் சேமிப்பு நமக்கு ஆகுமா? ஆடிக் காற்றில் கயத்தாறு, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் சுழன்று தள்ளும்போது மின்சாரத்தைச் சூடாக்கிப் பாறைக்குள் வைத்து, காற்று விழுந்த பிறகு மறுபடி மின்சாரமாக எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. 90 டிகிரி தண்ணீரிலிருந்து 30 டிகிரி ஊரில் மின்சாரம் எடுத்தால், நூறு யூனிட் போட்டதற்குக் கோட்பாட்டின் உச்சத்திலேயே பதினாறு யூனிட்தான் திரும்பும். நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. சூட்டைச் சூடாகவே பயன்படுத்தினால் கணக்கு மாறும். புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைக்க வேண்டிய தண்ணீர் 60, 70 டிகிரிதான். உமியை எரித்துச் செய்கிற வேலையில் ஒரு பங்கைப் பாறை செய்யலாம். ஆனாலும் வீட்டைச் சூடாக்கும் தேவையே இல்லாத ஊரில், உமி கைக்கெட்டும் தூரத்தில் குவிந்திருக்கும் ஆலையில், பூமிக்குள் இவ்வளவு சிரமப்படுவது இப்போதைக்குக் கட்டுப்படியாகாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆழத்தில் இயற்கைச் சூடாவது உண்டா என்றால், நம்முடைய இந்தப் பழம்பாறையில் கீழே போகப் போக வெப்பம் ஏறும் வேகமும் உலகச் சராசரியைவிடக் குறைவு.

ஆனால் சூட்டுக்காரர்களிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். இரண்டு கிணறுகளுக்கு நடுவே வழி எப்படி என்று தெரிய, அவர்கள் ஒன்றில் சாயமோ உப்போ கரைத்து விட்டு, மற்றதில் அது எப்போது, எவ்வளவு வருகிறது என்று அளக்கிறார்கள். சீக்கிரம் வந்து சட்டென்று தீர்ந்தால் ஒரே அகலமான வழி. தாமதமாக வந்து நெடுநேரம் வால் இழுத்தால் பல மெல்லிய வழிகள்.

சித்தப்பாவின் தோட்டத்தில் அந்தச் சோதனை யாரும் கேட்காமலே நடந்தது. முள் விழுந்து பத்து நிமிஷம் இருக்காது, வேலிக்கு அப்பால் இருந்து பக்கத்துத் தோட்டக்காரரின் குரல் கேட்டது. "என்னவே பண்ணுதீய? எங்க கிணறு கலங்கிட்டு!" போய்ப் பார்த்தால், எண்பது அடி தள்ளி இருந்த அவருடைய கிணற்றின் வடக்குச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் செம்மண் கலங்கல் பீச்சிக்கொண்டு வந்தது. ஒரே ஓர் இடத்தில்தான், சுற்றிலும் சுவர் காய்ந்திருந்தது.

கொஞ்ச நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது சித்தப்பா திங்கள், புதன், வெள்ளி மோட்டார் போடுகிறார். அவர் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போடுவதில்லை.